செட்டியார் தொந்திக்கு எவ்வளவு வாடகை?

மேட்டுப்பாளையம் என்றால் ஊர் உலகத்துக்கு நினைவு வருவது ஊட்டி மலை ரயிலும் பாக்கு மண்டியும்தான். புதுச்சேரியிலும் ஒரு மேட்டுப்பாளையம் உண்டு. மலையும் கிடையாது, மலை ரயிலும் கிடையாது; பிப்டிக் தொழிற்பேட்டை உண்டு, கனரக வாகன முனையம் உண்டு, நாள் முழுக்க டீசல் வாசனை உண்டு. எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு லாரி பார்சல் ஆபீசில் நான் புக்கிங் கிளார்க்.

வடக்கேயிருந்து வரும் மூட்டையில் 'பாண்டிச்சேரி' என்ற எழுத்து மழையில் கரைந்து 'மேட்டுப்பாளையம்' மட்டும் மிஞ்சிவிட்டால் தீர்ந்தது கதை. சரக்கு நேரே நீலகிரி அடிவாரத்துக்குப் போய் இறங்கிவிடும். பின்கோடு 1972லேயே வந்தாயிற்று. எங்களுக்கு 605009, அவர்களுக்கு 641301. ஆனால் அந்தக் காலத்தில் பின்கோடு பார்த்து மூட்டை இறக்கிய லோடுமேனை நான் கண்டதில்லை. கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தள்ளிப் போன சரக்கு திரும்பி வருவதற்கு வாடகை யார் தருவது என்று கடிதம் போகும், ட்ரங்க் கால் போகும், அனுப்பியவர் ஆள் ஒருத்தர் பஸ் ஏறி வந்து சத்தம் போடுவார். கடைசியில் டீ வரவழைத்து, பாதிக்குப் பாதி என்று முடியும். எதையும் பேசித் தீர்க்கலாம் என்று எல்லோரும் நம்பிய காலம்.

எங்கள் ஆபீசின் மூலவர், பிளாட்ஃபார்ம் தராசு. கீழே இரும்புத் தட்டு, பக்கத்தில் நிமிர்ந்த கம்பம், மேலே எண்கள் பொறித்த தண்டு, அதில் நகர்கிற பித்தளைக் குண்டு. லோடுமேன் மூட்டையைத் தட்டில் சாய்த்ததும் நான் குண்டை விரலால் தள்ளுவேன். தண்டு மேலே முட்டும், கீழே முட்டும், பிறகு நடுவில் நின்று லேசாக ஆடும். சரக்குக்காரர் ஒரு கண்ணைத் தண்டின் மேலும் இன்னொரு கண்ணை என் விரலின் மேலும் வைத்திருப்பார்.

"சார், சாக்கே ஒரு கிலோ இருக்கும். அதைக் கழிச்சிக்கங்க."

"சாக்கும் லாரியிலதானங்க வருது?"

"மழையில நனைஞ்சிருக்கு சார். தண்ணிக்குமா காசு?"

தண்ணீருக்கு ஒரு கிலோ தள்ளிக் கொடுப்பேன். சாக்குக்குத் தள்ள மாட்டேன். அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. காலையில் வந்தவரா, சாயங்காலம் லாரி கிளம்பும் நேரத்தில் ஓடி வந்தவரா என்பதைப் பொறுத்தது. எல்.ஆர். (லாரி ரசீது) புத்தகத்தில் 'ஆக்சுவல் வெயிட்' என்று ஒரு கட்டம், 'சார்ஜ்டு வெயிட்' என்று இன்னொரு கட்டம் இருக்கும். முதல் கட்டத்தைத் தராசு நிரப்பும்; இரண்டாவதை நாங்கள் நிரப்புவோம்.

அந்த இரண்டாவது கட்டம் எதற்கு என்பது எனக்குப் புரிந்தது பிளாஸ்டிக் குடத்தால். பேட்டையில் குடமும் பக்கெட்டும் வார்க்கிற பட்டறைகள் இருந்தன. பக்கெட்டைப் பற்றிப் பிரச்சினையே இல்லை. ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்து இரண்டு டஜன் பக்கெட் ஆள் உயரத் தூணாக நிற்கும். குடம் அப்படியில்லை. கழுத்து சிறுத்து வயிறு பெருத்த சரக்கு. ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. வலையில் கட்டி ஒரு நாள் ஒரு லாரி நிறைய ஏற்றினார்கள். பாடி நிரம்பி, கேபின் மேல் ஏறி, தார்ப்பாய்க்கு வெளியே பிதுங்கியது. எடை போட்டால் ஒரு டன்கூட வரவில்லை. ஒன்பது டன் தூக்குகிற லாரி, ஒரு டன் வாடகையோடு, வழியெல்லாம் காற்றைச் சுமந்துகொண்டு போனது. அன்று முதலாளி போனில் பேசியதை எழுதினால் பத்திரிகை அச்சிடாது.

மறுநாள் எங்கள் மேனேஜர் ஒரு பழைய எல்.ஆர். பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். லாரி பாடி 20 அடி நீளம், 7 அடி அகலம், சரக்கு அடுக்கும் உயரம் 7 அடி என்று வைத்துக்கொள். பெருக்கினால் 980 கன அடி. அதில் 9 டன் ஏற்றலாம். ஆகக் கன அடிக்கு ஏறக்குறைய 9 கிலோ. அதற்கு மேல் கனமான சரக்கு வந்தால் லாரிக்கு அச்சு முதலில் நிறையும். லேசான சரக்கு வந்தால் பாடி முதலில் நிறையும். இரும்பு 9 டன் ஏற்றினால் பலகை மேல் அரை அடி உயரம்கூட வராது, மேலே அத்தனை இடமும் சும்மா போகும். குடம் ஏற்றினால் பாடி நிறைந்திருக்கும், டயர் சிரித்துக்கொண்டு போகும்.

"இரும்புக்காரன்கிட்ட எடைக்கு வாங்கு. குடத்துக்காரன்கிட்ட இடத்துக்கு வாங்கு. இரும்பைக் கீழ போட்டு குடத்தை மேல போடு. இவ்வளவுதான்டா இந்தத் தொழில்" என்றார்.

அதன் பிறகு குடத்துக்கு உருப்படி ரேட் வந்தது. மெத்தை, சோபா, பிரம்புக் கூடை வந்தால் மேனேஜர் ஒரு முறை சுற்றி வந்து பார்ப்பார். டேப் எடுக்க மாட்டார். "நாப்பது கிலோ போடு" என்பார். தராசில் அது பதினைந்து கிலோ காட்டும். மெத்தைக்காரர் குதிப்பார். "அப்ப இதைச் சுருட்டிக் கட்டிக்கிட்டு வாங்க, பதினஞ்சே போடறேன்" என்பார் மேனேஜர். முப்பதில் முடியும்.

எடையை மட்டும் பார்த்து வாடகை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குட லாரிதான் உலகத்திலேயே பெரிய உதாரணம் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். அமெரிக்கர்கள் அதையும் மிஞ்சியிருக்கிறார்கள். அங்கே 1913இல் பார்சல் தபால் தொடங்கியது. எடைக்கும் தூர மண்டலத்துக்கும் மட்டும் கட்டணம். யூட்டா மாநிலத்தில் வெர்னல் என்ற சின்ன ஊர். 1916இல் அங்கே ஒரு வங்கிக் கட்டடம் எழும்பியது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து செங்கல் வர வேண்டும். வண்டி வாடகையைவிடத் தபால் மலிவாக இருந்தது. மனிதர்கள் செங்கல்லைத் தபால் எடை வரம்பான 50 பவுண்டுக்குள் பெட்டி பெட்டியாகக் கட்டி, முகவரி எழுதி, தபாலில் அனுப்பிவிட்டார்கள். மண்டலத்தை வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்தார்கள். செங்கல்லோ மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. தபால் துறை விழித்துக்கொண்டு, ஒருவர் ஒருவருக்கு ஒரு நாளில் 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று விதி போட்டது. அதற்குள் வங்கி எழும்பிவிட்டது.

நம் ஊர்த் தபாலும் எடையில் பிறந்ததுதான். 1854 அக்டோபரிலிருந்து கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா. அடுத்த தெருவானாலும் பெஷாவரானாலும் அதே கட்டணம். கால் தோலா என்றால் மூன்று கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. கடிதத்துக்கு அது நியாயமான கணக்கு. காகிதத்தை மடித்தால் காற்று தங்காது.

புதுச்சேரி வீடுகளில் பிரான்சுக்குப் போகிற பார்சலும் எடைக்குத்தான் போயிற்று. வடகம், அப்பளம், மோர்மிளகாய், கூழ் வத்தல் எல்லாவற்றையும் காடாத் துணியில் வைத்துத் தைத்து, தையல் ஓரங்களில் அரக்கு வைத்து, துணி மேலேயே முகவரி எழுதுவார்கள். துணிப் பார்சலுக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே எவ்வளவோ அவ்வளவுதான் வெளியே. ஊசியை இழுக்க இழுக்கக் காற்று வெளியேறும். கப்பல் தபாலில் மாதக்கணக்கில் போகும். வத்தல் நொறுங்கித்தான் பாரிஸ் சேரும். பொரித்தால் எல்லாம் ஒன்றுதான் என்று பென்ஷன்காரப் பாட்டிகள் சமாதானம் சொல்வார்கள்.

இனி இன்றைக்கு வருவோம்.

என் அக்கா மகள் கொலு பொம்மை வியாபாரம் செய்கிறாள். கடை கிடையாது, போன்தான் கடை. நம் பகுதியில் இரண்டு பொம்மை மரபுகள் உண்டு. வில்லியனூரில் சுடுமண், திருக்கனூரில் காகிதக் கூழ். இரண்டுக்குமே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவள் காகிதக் கூழைத் தேர்ந்தெடுத்தாள். உடையாது, லேசு, பார்சல் செலவு குறையும் என்று கணக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால் என் கவுன்டருக்கு வந்திருந்தால் அது முதல் தரமான கணக்கு.

முதல் வருஷ நவராத்திரிக்குப் பெரிய செட்டியார் பொம்மைக்குத்தான் கிராக்கி. தொந்தியும் தொடையுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் மளிகைக்கடைச் செட்டியார். பெட்டி 40 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 50 உயரம். பெட்டியோடு எடை மூன்று கிலோ. அவள் மூன்று கிலோவுக்குக் காசு வாங்கி அனுப்பினாள். கூரியர் பதினாறு கிலோவுக்குப் பிடித்துக்கொண்டது.

"மாமா, இது பகல் கொள்ளை. மூணு கிலோ பொம்மை எப்படி பதினாறு கிலோ ஆவும்?"

நான் எல்.ஆர். எழுதிய கையால் கணக்குப் போட்டேன். நாற்பது, நாற்பது, ஐம்பது. பெருக்கினால் 80,000 கன சென்டிமீட்டர். கூரியர்க்காரர்கள் பொதுவாக இதை 5000ஆல் வகுக்கிறார்கள். வருகிறது 16. தராசு எடை, வால்யூம் வெயிட், இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. அதற்கு மேல் அரை கிலோ அரை கிலோவாகத்தான் ஏறும். 10 கிராம் கூடினாலும் அடுத்த அரை கிலோ. தரைவழி லாரி பார்சலில் கன அடிக்கு இத்தனை கிலோ என்று வைத்திருப்பார்கள். கம்பெனியையும் வாடிக்கையாளரையும் பொறுத்து 6, 8, 10 என்று மாறும். எங்கள் மேனேஜர் எல்.ஆர். முதுகில் போட்ட 9 கிலோ அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. விமானத்தில் இடம் அருமை, ஆனால் கனம் அதைவிட அருமை. அதனால் விமானச் சரக்கில் வகுக்கிற எண் பொதுவாக 6000.

5000 என்பதன் அர்த்தத்தை அவளுக்கு இப்படிச் சொன்னேன். பெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால் என்ன எடையோ, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உன் சரக்கு கனத்தால் எடைக்குக் காசு. குறைந்தால் இடத்துக்குக் காசு. செட்டியார் பெட்டி 80 லிட்டர். பதினாறு கிலோ கனக்க வேண்டிய இடத்தில் மூன்று கிலோதான் கனக்கிறார். மீதி பதின்மூன்றும் அவர் தொந்திக்குள்ளும் பெட்டி மூலைகளிலும் இருக்கிற காற்றின் டிக்கெட்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புதுச்சேரியில் காகிதமும் தயாராகிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்சாலை 1959இலிருந்து இருக்கிறது. அதே 40-40-50 பெட்டி நிறையத் தாளை அடுக்கினால் எடை நாற்பது கிலோவுக்குக் குறையாது. அந்தப் பார்சல் தராசு சொன்னபடி காசு கட்டிவிட்டு மரியாதையாகப் போகும். தாளை ஊறவைத்து, இடித்து, கூழாக்கி, செட்டியாராக வார்த்துவிட்டால், அதே காகிதம் தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கட்ட வேண்டும். வில்லியனூர் சுடுமண் பொம்மையோ கனத்தில் பெருத்தது; அதற்குத் தராசே போதும். பழைய கணக்கில் மண்ணுக்குத்தான் செலவு, காகிதத்துக்கு லாபம். இன்று இரண்டும் ஏறக்குறைய ஒரே வாடகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகின்றன. மண் பொம்மைக்காரர் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறார்.

உலகத்தில் எல்லோரும் இதைச் சேர்ந்தே அனுபவிக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். அமெரிக்காவில் யூ.பி.எஸ்., ஃபெடெக்ஸ் இரண்டு கம்பெனிகளும் தரைவழிப் பார்சலில் 3 கன அடிக்குக் குறைந்த பெட்டிகளை வெறும் எடைக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தன. 2014 டிசம்பர் கடைசியில் ஒருவரும் 2015 ஜனவரி முதல் தேதி இன்னொருவரும் அந்தச் சலுகையை எடுத்தார்கள். ஆன்லைனில் ஒரு ஜோடி செருப்பும் ஒரு பாக்கெட் டயாப்பரும் வாங்குகிற ஜனங்களால் அவர்கள் வேன் நிறைந்தது, டயர் சிரித்தது. எங்கள் முதலாளி குட லாரியைப் பார்த்து எண்பதுகளில் போட்ட சத்தத்தை அவர்கள் கொஞ்சம் நாகரிகமாகச் சுற்றறிக்கையில் போட்டார்கள்.

அக்கா மகள் சளைக்கவில்லை. பெட்டியை ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து சென்டிமீட்டர் குறைத்தாள்: 35, 35, 45. பெருக்கி வகுத்தால் 11.025. அரை கிலோ கணக்கில் பதினொன்றரை. அட்டைக் கத்தியால் ஒரு கீறு கீறியதில் நாலரை கிலோ இறங்கிவிட்டது. தராசில் இறங்கியது நூறு கிராம்கூட இருக்காது. மூன்று பக்கமும் ஒன்றையொன்று பெருக்குகிறபோது ஒரு விரற்கடையும் லேசுப்பட்டதல்ல.

சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. பிறகு போனில் ஒரு செய்தி: 'வெயிட் டிஸ்கிரபன்ஸி'. இவள் எழுதியது பதினொன்றரை. அவர்கள் கண்டுபிடித்தது பதின்மூன்று. முன்பணமாகக் கட்டி வைத்திருந்த கணக்கிலிருந்து வித்தியாசம் கழிந்துவிட்டது. காரணம், பபுள் ராப்பை அமுக்கி மூடியதில் பெட்டி பக்கவாட்டிலும் மேலேயும் உப்பியிருந்தது. பெரிய கூரியர் கிடங்குகளில் பெட்டி பெல்ட்டில் ஓடும்போதே கேமராவும் லேசரும் அளந்துவிடுகின்றன. பெட்டியில் அச்சடித்த அளவை அவை பார்ப்பதில்லை. எங்கே அதிகமாகப் பிதுங்கியிருக்கிறதோ அங்கே தொட்டு அளக்கின்றன.

எதிர்ப்புச் சொல்ல வழி இருக்கிறது. பெட்டியின் மேல் டேப் வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் படமெடுத்து, கெடு முடிவதற்குள் ஏற்ற வேண்டும். பெட்டி அப்போது கான்பூரில் இருக்கும். ஆகவே இப்போதெல்லாம் அவள் ஒவ்வொரு செட்டியாரையும் அனுப்புவதற்கு முன்னால் மூன்று கோணத்தில் டேப்போடு படம் எடுத்து வைத்துக்கொள்கிறாள். போலீஸ் ஸ்டேஷனில் எடுக்கிற படம் மாதிரியே இருக்கிறது.

ஒரு நாள் நானே அந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். பழைய தொழில்காரன் அல்லவா, ஒரு கிலோவாவது தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். தமிழுக்கு ஒன்றை அமுக்கச் சொன்னது, அமுக்கினேன். ஒரு பெண் குரல் என் புகார் முக்கியமானது என்றது. பிறகு சங்கீதம். பிறகு ஒரு தம்பி வந்தார். மிகவும் மரியாதையாக, "சிஸ்டத்துல பதிமூணுன்னு இருக்குங்க ஐயா" என்றார். நான் மழை, சாக்கு எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. அவரிடம் தள்ளிக் கொடுக்க ஒரு கிலோவும் இல்லை. அவர் கையில் பித்தளைக் குண்டு இல்லை.

கணக்கைப் பார்த்தால் இன்றைய முறைதான் நியாயம். எங்கள் மேனேஜர் மெத்தையைச் சுற்றி வந்து நாற்பது என்றது அளவே இல்லாத அளவு. முகம் தெரிந்தவருக்கு இருபத்தைந்து, சண்டைக்காரருக்கு முப்பது, வாயில்லாதவருக்கு நாற்பது. லேசருக்கு முகம் தெரியாது. திருக்கனூர் பொம்மைக்கும் திருப்பூர் பனியனுக்கும் ஒரே பெருக்கல், ஒரே வகுத்தல். ஆனால் அன்றைய அநியாயத்தோடு உட்கார்ந்து பேச முடிந்தது. இன்றைய நியாயத்தோடு பேச, ஒன்றை அமுக்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் காற்றுக்கு இப்படி வாடகை வாங்குகிற காலத்தில்தான் காற்று இவ்வளவு பயணம் போகிறது. போன மாதம் மருமகன் ஒரு பென் டிரைவ் வாங்கினான். செருப்புப் பெட்டி அளவில் வந்தது. உள்ளே ஊதின பிளாஸ்டிக் தலையணைகள், அவற்றின் நடுவே நகம் அளவில் சாமான். பெரிய கம்பெனிகளுக்குக் கிடங்கில் நாலைந்து அளவுப் பெட்டிதான். கைக்கு எட்டியதை எடுத்துப் போடுவதில் மிச்சமாகும் நேரம் வாடகையைவிட லாபம். ஆகக் காற்றை அடக்கிக் கட்டுகிற வேலை, வீட்டுக் கூடத்தில் அட்டைக் கத்தியோடு உட்கார்ந்திருக்கும் சின்ன வியாபாரியின் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

அக்கா மகளும் தொழில் கற்றுக்கொண்டுவிட்டாள். இந்த வருஷம் பொம்மை செய்கிறவரிடம் போய், செட்டியாரின் அடிப்பக்கத்தை அடைக்க வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்று சொல்லி வாங்கி வந்தாள். பொம்மை உள்ளே பொள்ளல்தானே. செட்டியாருக்கு முன்னால் பரப்பி வைக்கிற கடைச் சரக்கு, அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, சின்னத் தராசு, காய்கறித் தட்டு, எல்லாவற்றையும் முன்பு தனிப் பெட்டியில் அனுப்பிக்கொண்டிருந்தாள். இப்போது அவை செட்டியாரின் தொந்திக்குள் போகின்றன. தொந்தி போதாத இடத்தில் தொடை இருக்கிறது. பெட்டி அதே அளவு, வால்யூம் வெயிட் அதே பதினொன்றரை. இரண்டாவது பெட்டி ஒழிந்தது.

கொஞ்சம் வியாபார தர்மத்துக்கு ஒவ்வாத ஏற்பாடுதான். கடை முதலாளியே கடைச் சரக்கை வயிற்றில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஆனால் கனத்தைக் கீழே போட்டு லேசை மேலே போடு என்று சொன்ன எங்கள் மேனேஜர் பார்த்திருந்தால் இவளைத் தட்டிக்கொடுத்திருப்பார். தட்டிக்கொடுத்த கையோடு, வயிற்றில் இருக்கும் சரக்குக்குத் தனி எல்.ஆர். போடச் சொல்லியும் இருப்பார்.